விலைபோகாத வீடும் மலை நாட்டாரும்

“வீடு விற்பனைக்கு” என்று எழுதிய பலகை ஓராண்டு வெயிலையும் மழையையும் கண்டு, எழுத்து மங்கித் தொங்கும் காட்சியைத் தமிழ்நாட்டின் எந்த ஜில்லாவிலும் காணலாம். விற்பவருக்கோ பணம் அவசரம். வாங்க வருவோர் சுற்றிப் பார்த்துவிட்டு, “கலந்து பேசிச் சொல்கிறோம்” என்று இறங்கிப் போகின்றனர், திரும்பி வருவதில்லை. இத்தகைய வீட்டை எவ்வாறு தள்ளிவிடுவது என்பதற்கு இக்காலத்தில் ஒரு தனிச் சாஸ்திரமே கிளம்பியிருக்கிறது. சுவருக்கு வெளிர் வர்ணம் பூசு, தட்டுமுட்டுச் சாமான்களை அப்புறப்படுத்து, விளக்குகளை அதிகப்படுத்து, வாயிலில் பூந்தொட்டி வை என்று பட்டணத்துத் தரகர்கள் உபதேசம் செய்கின்றனர். இவற்றை நாம் முற்றிலும் இகழ்வதற்கில்லை. ஆனால் இந்தச் சாஸ்திரத்தை மலை நாட்டுக்குக் கொண்டுபோனால் அதன் மதிப்பு என்னவாகும் என்பதையும், அங்கே ஒரு வீடு விலைபோவதும் போகாததும் யாருடைய நலனைப் பாதிக்கும் என்பதையும் ஆலோசிப்பது அவசியமாகிறது.

நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையில் பதினான்கு பஞ்சாயத்துக்கள் உண்டு. பெரும்பாலானவை “நாடு” என்றே பெயர் தாங்கியவை. அவற்றுள் ஒன்று பெரக்கரை நாடு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே இம்மலைக்கு ஏற வேண்டும். குடிகளில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என வழங்கும் பழங்குடியினர். பெயர் அவ்வாறிருப்பினும் பேசுவது தமிழே. மிளகும், காப்பியும், பலாவும், வாழையும், மரவள்ளியும் அவர்களுடைய ஜீவனம். இந்நாட்டில் ஒரு குடும்பம் வீட்டை விற்க நினைப்பதற்குக் காரணங்கள் எளியவை. பிள்ளைகளின் படிப்புக்காக ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ குடிபோயிருப்பார்கள். அல்லது வீட்டுக்குரியவர் சர்க்கார் உத்தியோகம் பெற்றுக் கீழே தங்கியிருப்பார். அல்லது வைத்தியச் செலவு வந்திருக்கும். காரணம் எதுவாயினும், பூட்டிக் கிடக்கும் வீடு மலையில் வெகு சீக்கிரம் கெட்டுப்போகும். சமவெளியில் ஐந்து வருஷம் பூட்டிவைத்தாலும் தாங்கும் வீடு, இங்கே இரண்டு கார்த்திகை கண்டால் கறையானுக்கும் பூஞ்சைக்கும் இரையாகும்.

ஆகையால் இங்கே வீட்டைக் கவர்ச்சியாக்குவது என்பதன் முதற்பொருள் தண்ணீரை அதன் வழியில் விடுவதுதான். மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் வீட்டின் பின்சுவரை முட்டாதபடி கொல்லையில் வாய்க்கால் வெட்டப்பட்டிருக்க வேண்டும். மண் சரியாதபடி கல்லடுக்குச் சுவர் இருக்க வேண்டும். அச்சுவரில் நீர் வடியத் துவாரங்களும் இருக்க வேண்டும். ஓட்டின் கீழ்ச் சட்டங்களில் உளுத்தவற்றை மாற்ற வேண்டும். பழைய மண்சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சை அழுத்திப் பூசி, அதன்மேல் பளபளக்கும் வர்ணம் தீற்றுவோர் இக்காலத்தில் பலர். உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். ஓராண்டில் பூச்சு பெயர்ந்து விழும். அச்சுவருக்குச் சுண்ணாம்பே தகுந்தது. செலவும் குறைவு, சுவரும் மூச்சுவிடும். இவ்வளவையும் செய்தபின் வாங்குவோரைச் சித்திரையில் அழைத்துக் காட்டுவதைவிட ஐப்பசியில் அழைத்துக் காட்டுவதே உத்தமம். அடைமழையில் ஒழுகாத வீடு தன்னைத் தானே விற்றுக்கொள்ளும். சித்திரையில் மட்டும் காட்டப்படும் மலை வீட்டை விவரமறிந்த எவரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பர்.

இங்கே பட்டணத்துத் தரகர்களின் சாஸ்திரத்திலுள்ள ஒரு விஷத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். விரிசலை அடைத்து அதன்மேல் படம் மாட்டு, ஈரக் கறையின் முன் பீரோவை நகர்த்து என்பது போன்ற யோசனைகள் அதில் கலந்திருக்கின்றன. இவை சாமர்த்தியம் அல்ல, சட்ட விரோதமே. 1882-ஆம் வருஷத்திய சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவு, வாங்குவோருக்குத் தெரியாததும், சாதாரண ஜாக்கிரதையுடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறைகளை விற்பவர் தாமே வெளியிட வேண்டும் என்று விதிக்கிறது. குறை கட்டடத்தில் இருந்தாலும் சரி, பாத்தியதையில் இருந்தாலும் சரி, கடமை ஒன்றே. “வாங்குபவன் விழித்திருக்கட்டும்” என்ற ஆங்கிலேயப் பழமொழியைச் சொல்லித் தப்பலாம் என்று எண்ணுவோர் இப்பிரிவைப் படித்ததில்லை. இன்னும் வேடிக்கை என்னவெனில், அதே பிரிவு வாங்குவோர்மீதும் ஒரு கடமையைச் சுமத்துகிறது. விற்பவருடைய பாத்தியதையின் தன்மை அல்லது அளவு பற்றி விற்பவருக்கே தெரியாத விஷயம் ஒன்று வாங்குவோருக்குத் தெரிந்திருந்து, அதனால் சொத்தின் மதிப்பு பெரிதும் உயருமானால், அதை அவர் விற்பவரிடம் சொல்லியாக வேண்டும். தஸ்தாவேஜுகளைப் படித்தறியாத குடியானவரிடம் நிலம் பேச மலையேறும் கனவான்களில் எத்தனை பேர் இக்கடமையை நினைவில் வைத்துக்கொண்டு ஏறுகின்றனர்?

கட்டடத்துக்கு அடுத்தது காகிதம். உண்மையில் காகிதமே முதல் என்று சொல்லவும் இடமுண்டு. பல வீடுகள் விலைபோகாமல் நிற்பது நிறம் மங்கியதால் அன்று. பட்டா தாத்தா பேரில் இருப்பதால், வாரிசுச் சான்றிதழ் வாங்காததால், தங்கையின் விடுதலைப் பத்திரம் எழுதாததால், வில்லங்கச் சான்றில் தீர்ந்துபோன பழைய அடமானம் இன்னும் நின்றுகொண்டிருப்பதால். வர்ணத்துக்குச் செலவிட நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியை இவற்றைச் சரிசெய்யச் செலவிட்டால் வீட்டின் கவர்ச்சி பன்மடங்கு உயரும். பதிவாகிவிட்டால் பாத்தியதை உறுதியாயிற்று என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. அது சரியல்ல. பாத்தியதைக்கு ஆதாரம் காட்டாவிடில் பத்திரத்தைப் பதிய மறுக்கலாம் என்று சென்னை சர்க்கார் செய்திருந்த பதிவு விதியை 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்று தீர்த்தது. விற்பவருக்குப் பாத்தியதை உண்டா என்று விசாரிப்பது பதிவு அதிகாரியின் வேலையன்று என்பதே தீர்ப்பின் சாரம். ஆகவே விசாரிக்கும் பாரம் முழுவதும் வாங்குவோர் தலைமேல் விழுகிறது. தாய்ப் பத்திரம் முதல் இன்றைய சிட்டா வரை வரிசையாக அடுக்கி, நகலெடுத்துக் கையில் கொடுக்கும் விற்பனையாளரை வாங்குவோர் விரும்புவதில் வியப்பில்லை.

மலையில் இக்காகித விவகாரம் மேலும் நுட்பமானது. எல்லா நிலமும் ஒரே வகையன்று. சிலது பரம்பரைப் பட்டா நிலம். சிலது சர்க்கார் நிபந்தனையுடன் ஒப்படைத்தது. மலைவாழ் மக்களுக்கு அவ்வாறு ஒப்படைத்த நிலத்தைப் பிறருக்கு மாற்றுவதை வருவாய் நிலையாணை கட்டுப்படுத்துகிறது. சிலது 2006-ஆம் வருஷத்திய வன உரிமைச் சட்டப்படி கிடைத்தது. இது வாரிசுகளுக்குச் செல்லும், விற்கவோ பிறருக்கு மாற்றவோ இயலாது. இம்மூன்றில் தம் வீடு எந்த வகை நிலத்தில் நிற்கிறது என்பதை அறியாமலேயே முன்பணம் வாங்கிச் செலவழித்துவிட்டுப் பின்னர் வழக்கில் சிக்குவோர் உண்டு. பலகை மாட்டுவதற்குமுன் தாலுகா கச்சேரிக்கு ஒருமுறை போய்வருவது நலம்.

விலையைப் பற்றி நீண்டு எழுத வேண்டியதில்லை. முதலில் ஆகாயத்தில் விலை சொல்லி, மாதத்துக்கு மாதம் படியிறங்குவது மிகக் கெட்ட வழக்கம். பலகை நெடுநாள் தொங்கினால், “இத்தனை நாளாக யாரும் வாங்காததற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும்” என்று ஊர் முடிவுகட்டிவிடும். பிறகு நியாய விலையும் அதிக விலையாகவே தோன்றும். பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்று கேட்பதும் வாங்குவோரைத் துரத்தும். வங்கி பத்திரத் தொகையைப் பார்த்தே கடன் தரும். ஸ்தாவர சொத்துக்கு ரூ. 20,000 அல்லது அதற்குமேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்தும் இருக்கிறது. வாங்குவோர் வீட்டு விலையோடு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2 ஆக 9 கட்ட வேண்டும் என்பதையும் விற்பவர் மனத்தில் கொள்ள வேண்டும். பத்து லட்ச ரூபாய் வீட்டுக்கு இது தொண்ணூறாயிரம். பத்து லட்சத்துக்கு மேற்படாத சொத்தை ஸ்திரீகள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் தள்ளுபடி என்று 2025 ஏப்ரல் முதல் ஏற்பாடாகியிருக்கிறது. பத்தாயிரம் ரூபாய் மிச்சமாகும் இவ்விஷயத்தை வாங்க வருபவரிடம் எடுத்துச் சொல்வது பூந்தொட்டி வைப்பதைவிடப் பயன் தரும்.

வாஸ்து என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை குறைக்க விரும்பும் தரகருக்கு அது கைகண்ட ஆயுதம். மூலையில் ஏதோ குறை என்று சொன்னாலே விற்பவர் முகம் வாடிவிடும். மலையில் வீடு சரிவு நோக்கியே நிற்க முடியும். சரிவு எத்திசையில் இருக்கிறதோ அத்திசையில்தான் வாயில். கொல்லிமலையைத் திருப்பி வைக்கக்கூடிய வாஸ்து நிபுணர் எவரேனும் இருந்தால் அவரை நாம் சந்திக்க ஆவலாயிருக்கிறோம்.

இனி, அலங்காரம் எவ்வளவு இருந்தும் வீடு விலைபோகாது என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. செட்டிநாட்டு மாளிகைகளைவிட அழகிய வீடுகள் எங்கே கிடைக்கும்? பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டைக் கலவை பூசிய சுவர்கள், ஆத்தங்குடிக் கற்கள்! ஆயினும் அவற்றில் பல வாங்குவாரின்றிப் பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். அனைவரும் கையெழுத்திட்டாலன்றி விற்க முடியாது. அவ்வளவு பெரிய வீட்டைக் குடியிருக்க வாங்குவாரும் இல்லை. முடிவில் பல வீடுகள் இடிக்கப்பட்டு, தூணும் கதவும் நிலையும் தனித்தனியே காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. வீடு விலைபோகவில்லை, வீட்டின் எலும்புகள் விலைபோயின. தப்பிப் பிழைத்தவற்றுள் சில, கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் உள்ளவை போன்றவை, விருந்தினர் விடுதிகளாகிச் சம்பாதிக்கின்றன. செட்டிநாட்டுக் கிராமங்களை உலக பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்த்ததும் உண்டு. விற்பது ஒன்றே வழியன்று என்பதை மலை நாட்டாரும் கவனிக்கலாம். ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழாவுக்கும், மற்ற நாட்களில் ஆகாய கங்கை அருவிக்கும், அறப்பளீசுவரர் கோயிலுக்கும் வருவோர்க்குத் தங்க இடம் வேண்டியிருக்கிறது. வீட்டுக்குரியவரே ஓர் அறையை ஒழுங்காக வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டால், வீடும் கெடாது, பாத்தியதையும் போகாது.

இப்போது நாம் பிரதான விஷயத்துக்கு வருகிறோம். மலையில் வீட்டைக் கவர்ச்சியாக்குவது என்று பேசுவோர் யாருடைய கண்ணுக்குக் கவர்ச்சியாக்கச் சொல்கின்றனர்? சேலத்திலிருந்தும், கோவையிலிருந்தும், சென்னையிலிருந்தும் காரில் வருபவருடைய கண்ணுக்கே. அவருக்கு வேண்டியது மேகம் தெரியும் திண்ணை. அதற்கு அவர் தரும் விலை உள்ளூராரால் தர இயலாதது. விற்கும் குடும்பத்துக்கு அது லாபமே என்பதை நாம் மறுக்கவில்லை. மகளின் படிப்புக்குப் பணம் தேவைப்படும் ஒருவரிடம், “மலையின் நன்மைக்காகக் குறைந்த விலைக்கு விற்றுவிடும்” என்று சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் அவ்வாறு வாங்கியவர் வருஷத்தில் பத்து நாள் வந்து தங்குவார். மற்ற நாளெல்லாம் பூட்டும் காவற்காரனும். அடுத்த வீட்டு விலையும் அதே அளவுக்கு ஏறும். அந்நாட்டில் பிறந்த இளைஞன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போக நினைத்தால், தன் ஊரிலேயே வீடு வாங்க இயலாதவனாவான்.

அயல் தேசங்களின் அனுபவமும் இதற்குச் சான்று. ஜப்பானில் 2023-ல் எடுத்த கணக்கின்படி காலியாகக் கிடந்த வீடுகள் 90 லட்சம். மொத்த வீடுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 14. இத்தாலியில் ஸிஸிலித் தீவிலுள்ள ஸம்புகா என்ற மலையூர், ஆளற்றுப்போன வீடுகளை 2019-ல் ஒரு யூரோ விலைக்கு அறிவித்தது. உலகெங்குமிருந்து கடிதங்கள் குவிந்தன. ஆனால் அவ்வூரார் ஒரு நிபந்தனை விதித்தனர்: மூன்று வருஷத்துக்குள் வீட்டைப் பழுதுபார்த்தாக வேண்டும், அதற்கு 5,000 யூரோ ஈடாகக் கட்ட வேண்டும். விலையை விட்டுக்கொடுத்தவர்கள் வீட்டின் கதி என்ன ஆக வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே ஆளில்லாமையே நோய். கொல்லிமலையில் ஆள் உண்டு, அவர் கையில் பணமில்லை. வேற்றுமையை மறவாமலே அவர்களுடைய நிபந்தனையை நாம் பாராட்ட வேண்டும்.

சட்டம் நம் மலைகளைக் காக்கவில்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பிரதேசம் தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆந்திரத்து அட்டவணைப் பிரதேசங்களில் 1970-ல் திருத்தப்பட்ட விதிப்படி, பழங்குடியினரல்லாதாருக்கு நிலம் மாற்றுவது அடியோடு செல்லாது. அங்கே அவர்கள் வசமுள்ள நிலமும் பழங்குடியினரிடமிருந்து வந்ததாகவே, மறுப்பு நிரூபிக்கப்படும் வரை, அனுமானிக்கப்படும். நம் ராஜ்யத்தில் இருப்பதோ ஒப்படைப்பு நிலம் பற்றிய நிலையாணையே. எனினும் தடையை மட்டும் விதித்துவிட்டு நிறுத்திக்கொள்வதை நாம் ஆதரிக்க மாட்டோம். விற்பனைக்குத் தடை, தடையுள்ள நிலத்தை ஏலம்போட இயலாதாகையால் வங்கிகள் கடன் தரத் தயங்கும், கடன் இல்லாததால் உள்ளூரில் வாங்குவார் இல்லை, வாங்குவார் இல்லாததால் வீடு இடிந்து விழும். தடையினால் காக்கப்பட்டவர், வீடு இருந்தும் அதைப் பணமாக்க முடியாதவராக நிற்பார். பின்னர் பினாமி பேரில் கள்ளத்தனமாகக் கைமாறும். ஆகவே தடையுடன் உள்ளூரில் வாங்குவோரும் சேர்ந்தே உண்டாக வேண்டும்.

அவ்வாறு வாங்குவோரை உண்டாக்க சர்க்கார் புதிதாகப் பணம் தேடத் தேவையில்லை. 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில், குடிசைவாசிகள் 360 சதுர அடியில் வீடு கட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரூ. 3,50,000 தரப்படுகிறது, 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது இலக்கு. நல்ல திட்டம் என்பதில் நமக்கு அபிப்பிராய பேதமில்லை. ஆனால் அப்பணம் புது வீடு கட்டுவதற்கு மட்டுமே. ஒரே சிற்றூரில் ஒரு வீடு வாங்குவாரின்றிப் பூட்டிக் கிடக்கும். நூறு கஜ தூரத்தில் சரிவை வெட்டி, மரம் சாய்த்து, சிமெண்டையும் மணலையும் எழுபது வளைவு ஏற்றி வந்து புது வீடு கட்டப்படும். மலையில் சமமான இடம் தங்கத்துக்கு ஒப்பானது; அதை இப்படிச் செலவிடலாமா? அதே ஊரில் விற்பனைக்கு நிற்கும் வீட்டை வாங்கிப் பழுதுபார்க்கவும் இத்தொகையைப் பயன்படுத்தலாம் என்று ஒரே ஓர் உத்தரவு போட்டால் போதும். தொகை பற்றாத இடத்தில் மீதியை மலைவாழ் மக்களின் பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கம் கடனாகத் தரட்டும். 1971-ல் பாவா கமிட்டியின் யோசனைக்குப் பின் நாடெங்கும் இச்சங்கங்கள் உண்டானதே, கடன் முதல் விளைபொருள் விற்பனை வரை அனைத்தும் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். பயிர்க்கடனும் நகைக்கடனும் கொடுக்கத் தெரிந்த சங்கத்துக்கு, மிளகு விளைச்சலைப் பார்த்துத் தவணை வசூலிக்கும் வீட்டுக்கடன் கொடுப்பது கஷ்டமாகாது. வாங்குபவர் அதே இனத்தவராகவும் அதே நாட்டவராகவும் இருப்பதால் மாற்றத் தடைக்கும் பங்கம் வராது.

அண்ணன் தம்பிக்கு விற்றதாக எழுதிப் பணத்தைச் சுருட்டுவார்களே என்ற ஆட்சேபம் எழும். எழுவது நியாயமே. அதற்காகவே பழுது முடிந்ததை எஞ்சினீர் நேரில் பார்த்துச் சான்றளித்தபின் கடைசித் தவணை தரலாம். விலை சர்க்கார் வழிகாட்டி மதிப்பை மீறலாகாது என்று கட்டலாம். வாங்கியவர் குடியிருந்தாக வேண்டும், பத்து வருஷத்துக்கு மறுவிற்பனை கூடாது என்றும் எழுதலாம். புது வீடு கட்டும் பணத்தில் மட்டும் மோசடிக்கு இடமில்லை என்று எண்ணுவது அனுபவத்துக்குப் பொருந்தாது.

கொல்லிமலை அடங்கிய சேந்தமங்கலம் சட்டசபைத் தொகுதி மலைவாழ் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அத்தகைய தொகுதிகள் ஏற்காட்டையும் சேர்த்து இரண்டே. பதினான்கு பஞ்சாயத்துக்களிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை, அவற்றில் விற்க விரும்புவோர் எத்தனை, எந்த வகைப் பட்டாவில் அவை நிற்கின்றன என்று ஒரு கணக்கெடுக்கும்படி இவ்விரு தொகுதிகளின் அங்கத்தினர்களும் வீட்டுவசதி மந்திரியையும், ஊரக வளர்ச்சி மந்திரியையும், ஆதிதிராவிடர் பழங்குடியினர் நல மந்திரியையும் சபையில் கேட்க வேண்டும். பெரக்கரை நாட்டிலிருந்தே அக்கணக்கைத் தொடங்கலாம். வடகிழக்கு மழை இறங்குமுன் கணக்கு முடிந்தால், எந்தக் கூரைகளுக்கு இவ்வாண்டே ஓடு மாற்ற வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.